பழக்கம் பார்க்கப் போன ஊர்

விருதுநகர் ரயில் நிலையத்தில் நான் ஏறிய ஆட்டோ கடைத்தெருவுக்குள் திரும்பியதும் எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. நிற்காமல் வந்தது. கண்ணில் நீர் வழிந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, “வத்தல் கிட்டங்கி மேடம், மூட்டை ஏத்துறாக. ரெண்டு நாள்ல பளகிரும்,” என்றார். அவர் தும்மவில்லை. மிளகாய் வற்றல் மூட்டைகளை முதுகில் சுமந்து லாரிக்குப் போனவர்களும் தும்மவில்லை.

பழகுவது எப்படி என்பதுதான் என் பிழைப்பு. நான் ஈப்போவில் பிறந்தவள். கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் மனிதர்களின் அன்றாடப் பழக்கங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். சாவியை எங்கே வைக்கிறோம், எந்தக் கையால் கதவைத் திறக்கிறோம், யோசிக்காமல் செய்கிற காரியங்கள் உடம்புக்குள் எப்படிக் குடியேறுகின்றன, எப்போது கைவிட்டுப் போகின்றன என்று பார்ப்பது. இதற்கெல்லாமா சம்பளம் என்று என் அம்மாவே கேட்டிருக்கிறார். இந்த முறை ஆபத்தான வேலை செய்பவர்களைப் பார்க்க வேண்டியிருந்தது. வேலையிடத்துப் பழக்கம் வீட்டுக்குள் வருகிறதா, வீட்டுப் பழக்கம் வேலையிடத்துக்குப் போகிறதா என்பது எங்கள் கேள்வி. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் மேலாளர், “தாராளமா வாங்க, வேண்டிய வசதி செஞ்சு தாரோம்,” என்று சொல்லியிருந்தார். தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

அன்று இரவுச் சாப்பாடு பரோட்டா. எங்கள் ஊர் ரொட்டி சானாயைக் கல்லில் வாட்டி, இரண்டு கையாலும் அடித்து, பூப்போல உதிர்த்துத் தருவார்கள். இங்கே எண்ணெயில் மிதக்கவிட்டு முறுக்கு மாதிரி பொரித்து எடுக்கிறார்கள். இலையில் நொறுக்கிப் போட்டு அதன்மேல் சால்னாவை ஊற்றினால், முறுமுறுப்பு போவதற்குள் தின்றுவிட வேண்டும். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு மெதுவாகத் தின்றேன். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவருக்கு அது பொறுக்கவில்லை. எண்ணெய் வியாபாரம் செய்பவராம்.

“ஊறிப்போகும், வெரசாச் சாப்பிடுங்க. எங்கிட்டு இருந்து வாறீக?”

“மலேசியா. பழக்கத்தைப் பத்தி ஆராய்ச்சி செய்ய வந்திருக்கேன்.”

“யாரு பளக்கம்?”

“பட்டாசு வேலை செய்றவங்களோடது.”

அவர் இலையை மடித்தார். “மொதலாளிமாரு பளக்கத்தப் பாக்க யாரும் பிளேன் ஏறி வாறதில்லையே, அது ஏன்?”

பதிலுக்கு நான் வாயைத் திறப்பதற்குள் கை கழுவப் போய்விட்டார். எனக்குக் கோபமாக இருந்தது. அறைக்குப் போய்ப் படுத்த பிறகும் அவருக்கு ஏதேதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சிவகாசி பஸ். திருத்தங்கல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பின்பக்கம் வெடித்தது போல ஒரு சத்தம். பட்டாசு ஊருக்குப் போகிற பஸ்ஸில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் என்ன ஆகும் என்று அன்று பார்த்தேன். யாரும் அலறவில்லை. முன் இருக்கையில் இருந்த ஒருவர், “டயரு,” என்று மட்டும் சொன்னார். எல்லோரும் இறங்கினார்கள். அடுத்த வண்டியில் இதே டிக்கெட் செல்லும் என்று நடத்துனர் சத்தம் போட்டார். எங்கள் ஊரில் பஸ் நின்றால் கைபேசியை எடுத்துக்கொண்டு தனித்தனியாக நிற்போம். இங்கே ஐந்து நிமிடத்தில் யார் எந்த ஊர், யார் வீட்டில் யாருக்கு உடம்புக்குச் சரியில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

சாலையோரத்தில் ஒரு டீக்கடை இருந்தது. அதன் பெஞ்சில் என் வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை கட்டு. விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. அந்த நுனிகள் ஆடிக்கொண்டிருந்தன. நடுக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். கூர்ந்து பார்த்தபோது அதில் ஓர் ஒழுங்கு இருந்தது. இடது விரல் வளைந்து கொடுக்க, வலது விரல் உள்ளே புகுந்து இழுக்க, திரும்பவும் இடது. தொழில் புத்தி, நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

“என்ன பாக்கீக?” என்றார் அந்தப் பெண்.

“உங்க விரலு…”

“சரம் பின்னுது. சரவெடி. நா என்ன செய்ய, அதுவாப் பின்னுது. ஒறக்கத்துலயும் பின்னுதுன்னு வீட்டுக்காரரு சொல்லுதாரு.”

கடைக்காரர் டீயைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார். நான் டம்ளரை எடுத்து அவர் வாய்க்குக் கொண்டுபோனேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஊட்டி விடாதீக. அங்கன வச்சிருங்க.”

வைத்தேன். அவர் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் டம்ளரை இடுக்கித் தூக்கி, ஊதி ஊதிக் குடித்தார். பாதி டீ சேலையில் சிந்தியது. அதற்காக அவர் என்னைப் பார்க்கவுமில்லை, கூச்சப்படவுமில்லை.

அவர் பெயர் செல்வராணி. விருதுநகர் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றிக்கொண்டு வெம்பக்கோட்டைப் பக்கம் தன் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். கம்பெனியில் தீப்பிடித்ததில் கை வெந்துவிட்டது. நான் எந்தக் கம்பெனிக்குப் போகிறேன் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

“நானும் அங்கனதான் இருந்தேன். மேனேஜரு உங்களக் கூட்டியாந்தாரா?”

“ஆமா. ஆராய்ச்சிக்கு.”

“அவரு காட்டுறத எல்லாம் பாத்துட்டு எங்க வீட்டுக்கும் வாங்க. வாறதுக்கு மனசிருந்தா வாங்க.”

அடுத்த பஸ் வந்தது. கூட்டத்தில் யாரோ அவருக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். எனக்கு யாரும் கொடுக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டே சிவகாசி போய்ச் சேர்ந்தேன்.

சிவகாசியில் என் விடுதிக்கு நேர் எதிரே ஓர் அச்சகம். அடுத்த வருடத்துக் காலண்டரில் சாமி படங்கள் இப்போதே காய்ந்துகொண்டிருந்தன. காலையில் மேலாளர் ராஜரத்தினம் காரோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. “சாப்பிட்டீகளா?” என்று கேட்டார். ஈப்போவில் இந்த வேளையில் “பசியாறியாச்சா” என்று கேட்போம் என்றேன். அந்தச் சொல் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. வழியெல்லாம் டிரைவரிடம், “பசியாறிட்டயால?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

கம்பெனி ஒரு பொட்டல் வெளியில் இருந்தது. சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. ஒவ்வொரு அறைக்கும் நான்கு பக்கமும் வாசல். எங்கே தீப்பிடித்தாலும் ஓடுவதற்கு வழி. வாசலில் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு. உள்ளே போகிற ஒவ்வொருவரும் அதில் உள்ளங்கையை வைத்து எடுக்கிறார்கள். உடம்பில் சேர்ந்திருக்கிற மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடுமாம். யாரும் தகட்டைப் பார்ப்பதில்லை. பேசிக்கொண்டே வருகிறார்கள், கை தானாகப் போய்த் தொடுகிறது, பேச்சு நிற்பதில்லை. நான் தேடி வந்தது இதைத்தான். சொக்கிப்போய் நின்றேன்.

“பாத்தீகளா, எங்க பயிற்சி,” என்றார் ராஜரத்தினம். “ஆனா மேடம், எம்புட்டுச் சொல்லிக் குடுத்தாலும் வீட்டுப் பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல. போன மாசம் ஒரு சின்ன விபத்து. ஒரு பொம்பள வெடிமருந்துத் தட்டத் தரையில இழுத்துட்டா, உரசிப் பத்திக்கிருச்சு. வீட்ல சோத்துத் தட்ட இழுக்குறாப்புல. பழக்கதோஷம். எல்லா விபத்துக்கும் அடியில பழக்கம்தான் மேடம் இருக்கு.”

அந்த நிமிடம் அது எனக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. வீட்டுப் பழக்கம் வேலையிடத்துக்குப் போகிறதா என்று கேட்டுக்கொண்டு வந்தவளுக்குக் கையிலேயே விடையைக் கொடுக்கிறார். ஆனால் டீக்கடைப் பெஞ்சில் ஆடிய விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன.

அறைகளுக்குப் பின்னால் நடந்தபோது ஓரிடத்தில் தரை மட்டும் கறுத்திருந்தது. சுற்றிலும் நெளிந்த தகரங்கள் அடுக்கியிருந்தன. இது எந்த அறை என்று கேட்டேன்.

“அது அறையில்ல. சீசன் நேரத்துல நெழலுக்குப் போட்ட கொட்டகை,” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். “வாங்க, வடை ஆறிரும்.”

அதற்கு அடுத்த நாள் செல்வராணி வீட்டுக்குப் போனேன். மினி பஸ்ஸில் ஓட்டுநர் பக்கத்துப் பெட்டிமேல் இடம் கிடைத்தது. இருபுறமும் மழைக்குக் காத்திருக்கிற புஞ்சைக் காடு. எங்கள் ஊரில் தினமும் மத்தியானம் மழை கொட்டும், யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இந்த பஸ்ஸில் ஒரு சின்ன மேகத்துக்கு எல்லோரும் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்கள்.

இரண்டு அறை வீடு. கணவர் மாரிச்சாமி பெட்டி லோடு ஏற்றும் வேன் ஓட்டுகிறவர், அன்று வீட்டில் இருந்தார். பக்கத்து வீட்டு முத்துமாரியும் வந்திருந்தார். முப்பதுக்குள் வயது. அதே கம்பெனி. தீப்பிடித்தபோது செல்வராணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். இவரை வெளியே இழுத்துப் போட்டபோதுதான் செல்வராணியின் கை வெந்தது.

சோறு, சுண்டவத்தல் குழம்பு, கருவாடு. முத்துமாரி பரிமாறினார். சாப்பிட்டு முடித்ததும் நான் எவர்சில்வர் தட்டை ஓரமாகத் தள்ளினேன். சிமெண்டுத் தரையில் கரகரவென்று சத்தம்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். முத்துமாரி பாதி எழுந்தே விட்டார்.

“தட்ட இளுக்காதீக மேடம்,” என்றார் செல்வராணி. “நெஞ்சு திக்குங்குது.”

அதன்பிறகுதான் நான் பார்க்க ஆரம்பித்தேன். அந்த வீட்டில் யாரும் எதையும் இழுக்கவில்லை. குழம்புச் சட்டியை ஒரு சாண் நகர்த்த வேண்டுமென்றாலும் தூக்கித்தான் வைத்தார்கள். முக்காலியைத் தூக்கினார்கள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார்கள். வெளியே போய்விட்டு வந்த முத்துமாரி உள்ளே நுழையும்போது ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை வைத்து எடுத்தார். எதற்கு என்று கேட்டேன். “எதுக்கு?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். தான் தொட்டது அவருக்குத் தெரியவில்லை. மூன்று பேரும் சிரித்தார்கள். சாயங்காலம்வரை யார் எதைத் தூக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வேலையிடத்துப் பழக்கம் வீட்டுக்குள் வந்து சட்டமாக உட்கார்ந்திருந்தது. வீட்டுப் பழக்கம் போய்த் தீ வைத்தது என்று சொல்ல இங்கே இடமே இல்லை.

“அன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்று கேட்டேன்.

“ஆர்டர் கூடிப்போச்சு,” என்றார் செல்வராணி. “அறையில இடமில்லன்னு எங்கள அந்தத் தகரக் கொட்டகையில உக்காரச் சொன்னாக. அன்னைக்குத்தான் மொத தடவ. தரையில ரப்பர் விரிப்பு கெடையாது. செம்புத் தகடு கெடையாது. ஒரே வாசலு. வெயில்ல தகரம் கொதிக்குது. நான் பின்னிக்கிட்டு இருந்தேன். எங்கிட்டோ புசுன்னு ஒரு சத்தம். என்ன தொட்டுச்சோ, யாரு தொட்டாகளோ, தெரியாது. தெரியாதத நான் சொல்ல மாட்டேன். தட்ட மட்டும் நான் இளுக்கல.”

மாரிச்சாமி வாசலைப் பார்த்துக்கொண்டு பேசினார். “கவர்மெண்டு அதிகாரி விசாரணை வைக்காக மேடம். தப்பு என்னுதுன்னு இவ ஒரு வார்த்த சொல்லிட்டா, கை ஆறினதும் மறுபடி வேலைக்கு எடுத்துக்கிடுதோம்னு மேனேஜரு சொல்லுதாரு. இல்லன்னா இந்தச் சுத்து வட்டாரத்துல எந்தக் கம்பெனியும் சேக்காது. ஒத்துக்கிடு புள்ள, ஒரு வார்த்ததான?”

“ஒரு வார்த்ததான்,” என்றார் செல்வராணி. “அந்த ஒரு வார்த்தைய அவரு சொல்லட்டுமே.”

“அவரு எதுக்குச் சொல்லப் போறாரு?”

“பெறகு நான் மட்டும் எதுக்கு?”

மாரிச்சாமி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பிறகு செல்வராணி கட்டுப்போட்ட கையால் என் பக்கம் காட்டி, முத்துமாரியிடம், “மேடத்துக்கு மோர் குடு,” என்றார்.

வெள்ளிக்கிழமை ராஜரத்தினம் என்னை இருக்கன்குடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆற்று மணலில் நடந்து, மொட்டைத் தலைகளுக்கும் மாவிளக்குத் தட்டுகளுக்கும் நடுவில் இடிபட்டு அம்மனைப் பார்த்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார். திரும்பும்போது சாத்தூரில் காரை நிறுத்தச் சொல்லி எனக்குச் சேவு வாங்கித் தந்தார். காரத்தில் கண் கலங்கியது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அப்போதுதான் விஷயத்துக்கு வந்தார்.

“நாளைக்கு விசாரணை. நீங்களும் வரணும் மேடம். பழக்கத்தப் பத்தி வெளிநாட்டுல ஆராய்ச்சி பண்றவுக. விபத்துக்குப் பழக்கம்தான் காரணம்னு பொதுவா ரெண்டு வார்த்த சொன்னாப் போதும். அந்தப் பொம்பள பேரக்கூட நீங்க சொல்ல வேணாம்.”

“கொட்டகையில அன்னைக்குத்தான் முதல் தடவையா உட்கார வச்சீங்களாமே?”

அவர் சேவுப் பொட்டலத்தை மடித்தார். கோபப்படவில்லை. “கம்பெனியப் பூட்டிட்டா எத்தன குடும்பம் மேடம் தெருவுல நிக்கும்? தீவாளி நெருங்குது. மொதலாளி லைசென்ஸ் போயிரும்னு பயப்படுதாரு. அவளுக்கும் நான் கெடுதல் செய்யல. ஒத்துக்கிட்டா வேல. எல்லாருக்கும் நல்லதுதான?”

இந்த மனிதருக்கும் தூக்கம் வருவதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் எல்லாருக்கும் நல்லது நடப்பதற்கு ஒரே ஒருத்தர்தான் தலை குனிய வேண்டும் என்று அவர் எப்படி முடிவு செய்தார்? அவர் தலையோ முதலாளி தலையோ ஏன் அந்தக் கணக்கில் வரவில்லை? வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

விடுதிக்கு வந்ததும் எங்கள் பேராசிரியரை அழைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “நாம் அங்கே விருந்தாளிகள்,” என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். “நம் வேலை பார்ப்பது. தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அறையிலேயே இருந்துவிடு. அந்தக் கம்பெனியை இழந்தால் ஆய்வே நின்றுவிடும்.”

“பார்த்ததைச் சொன்னால் அது தீர்ப்பா?”

“யார் பக்கம் உட்கார்ந்து சொல்கிறாய் என்பதைப் பொறுத்தது.”

மறுநாள் காலை இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

ஓர் அரசு அலுவலக மாடியில் விசாரணை. மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி. எதிரே ஒரு பக்கம் ராஜரத்தினம், அவருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. இன்னொரு பக்கம் செல்வராணியும் முத்துமாரியும். மாரிச்சாமி வந்திருந்தார். வாசலுக்கு வெளியே நின்றார்.

ராஜரத்தினம்தான் முதலில் பேசினார். பயிற்சி, விதிகள், பழக்கதோஷம். பிறகு என்னை அறிமுகம் செய்தார். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

“சொல்லுங்க. விபத்துக்குப் பழக்கம் காரணமா இருக்க முடியுமா?”

“இருக்க முடியும்,” என்றேன். ராஜரத்தினம் தலையாட்டினார். “ஆனா இந்த விபத்துக்கு முடியாது.”

அவர் தலை நின்றுவிட்டது.

“நான் இவங்க வீட்டில சாயங்காலம்வரைக்கும் இருந்தேன்,” என்றேன். “இவங்க எதையும் இழுக்கிறதில்ல. தூக்கித்தான் வைக்கிறாங்க. வீட்டுப் பழக்கத்தில தட்டை இழுத்துட்டாங்கன்னு சொல்றது நான் பார்த்ததுக்கு நேர் எதிரா இருக்கு.”

அதிகாரி பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தார். அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்த்திருந்தேன், பயந்துகொண்டும் இருந்தேன். “கொட்டகை புது இடம்னு சொல்றாங்க. புது இடத்தில அந்த நல்ல பழக்கம் தவறிப் போயிருக்கலாம் இல்லையா?”

“போயிருக்கலாம்,” என்றேன். “அதை நான் மறுக்க மாட்டேன். பழக்கம்கிறது ஆளோட மட்டும் இருக்கிறதில்ல மேடம். இடத்தோட சேர்ந்து இருக்கு. தகடு இருந்தா கை தொடும். விரிப்பு இருந்தா கால் அதுக்கேத்த மாதிரி நடக்கும். வருஷக்கணக்கா இவங்களைக் காப்பாத்தின பழக்கத்தை எல்லாம் அந்த அறையில விட்டுட்டு வரச் சொல்லி, தகடும் விரிப்பும் இல்லாத கொட்டகையில உட்கார வச்சிருக்காங்க. தவறினாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆனா இடத்தை மாத்தினது இவங்க இல்ல.”

ராஜரத்தினம் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சேவு வாங்கிக் கொடுத்தவர் அவர்.

“நீங்க என்ன சொல்றீங்கம்மா?” என்று அதிகாரி செல்வராணியைக் கேட்டார்.

செல்வராணி எழுந்து நின்றார். உட்கார்ந்தே சொல்லலாம் என்று அதிகாரி சொன்னார். அவர் உட்காரவில்லை.

“எங்கிட்ட தப்பு இல்ல. நான் தட்ட இளுக்கல. என்னைய அங்கன உக்காரச் சொன்னது தப்பு. சொன்னவுக இங்கன இருக்காக. எனக்கு இனிமே வேல கெடைக்காதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் சொல்லுதேன்.”

“கொட்டகைக்கு அனுமதி இருக்கா?” என்று அதிகாரி ராஜரத்தினத்திடம் கேட்டார்.

“அது… நெழலுக்குப் போட்டது…”

“நிழல்ல வெடி பின்னச் சொன்னீங்களா?”

அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். வெளியே நின்ற மாரிச்சாமி மனைவியோடு சேர்ந்துகொண்டார். படியில் இறங்கும்போது, கட்டுப்போட்ட கை கைப்பிடியில் இடித்துவிடாமல் நடுவில் தன் கையை வைத்துக்கொண்டே இறங்கினார்.

அன்று பிற்பகலே கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. இனி உள்ளே வர எனக்கு அனுமதியில்லை. கார் வராது. பேராசிரியர் ஒரே வரி அனுப்பியிருந்தார்: “திரும்பி வா, பேசுவோம்.” வேலை போய்விடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. பயம் இருந்தும், அந்த அறையில் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திருப்பி எடுக்கத் தோன்றவில்லை. மினி பஸ் பிடித்து வெம்பக்கோட்டைப் பக்கம் போனேன். கம்பெனிக்குள் பார்க்க முடியாததை ஊருக்குள் பார்த்தேன். முத்துமாரி சொல்லி, பல வீடுகளில் என்னை உட்காரவிட்டார்கள். எல்லா வீட்டிலும் தட்டைத் தூக்கித்தான் வைத்தார்கள். ஒரு வீட்டில் மட்டும் ஒருவர் இழுத்தார். அவர் தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்கெழுதுகிறவர்.

கிளம்பும் நாள் விருதுநகர் நிலையத்தில் சென்னை ரயிலுக்குக் காத்திருந்தேன். கைபேசி அடித்தது. பின்னால் ஒரே இரைச்சல்.

“மேடம், முத்துமாரி பேசுதேன். புதுத் தகரம் வந்து எறங்கிருக்கு. அங்கனயே மறுபடி கொட்டகை போடுதோம், உக்காரணும்னு சொன்னாக. நாங்க மாட்டோம்னுட்டோம். கம்பெனி கேட்டு வாசல்ல வந்து நிக்கோம்.”

“எத்தனை பேரு?”

“மொதல்ல அஞ்சு பேருதான். இப்ப எண்ண முடியல. செல்வராணி அக்காவும் வந்துட்டாக. வேல இல்லாதவ இங்கன எதுக்கு வந்தேன்னு சூப்பர்வைசரு கேக்காரு. நிக்கதுக்கு எதுக்குவே வேலன்னு அக்கா கேக்காக.”

“நான் திரும்பி வரட்டுமா?”

கைபேசி கை மாறியது. முத்துமாரி அதைச் செல்வராணியின் காதில் வைத்திருக்க வேண்டும்.

“நீங்க வந்து என்ன செய்யப் போறீக? நாங்க நிப்போம். நீங்க போயி எளுதுங்க.”

“ஆய்வில உங்க பேரு வராதுங்க. பேருக்குப் பதிலா எண்தான் போடுவோம். உங்க பாதுகாப்புக்காக.”

“யாருகிட்ட இருந்து பாதுகாப்பு? மேனேஜருக்கு எங்க எல்லாரு பேரும் தெரியும். மத்தவுகளுக்குத்தான் தெரியல. பேரு போட்டு எளுதுங்க.”

ரயில் வந்துவிட்டது. நான் ஏறினேன்.

புதுத் தகரம் வந்த வேனிலேயே திரும்பிப் போனது என்று பிறகு தெரிந்தது. பெண்கள் அறைகளுக்குள் மட்டும் உட்காருகிறார்கள். ஆர்டர் குறைந்ததாகவும் அதற்கு இவர்கள்தான் காரணம் என்றும் அவர்களுக்குத் தினமும் சொல்லப்படுகிறது. விசாரணையின் முடிவு இன்னும் வரவில்லை. செல்வராணியை அந்தக் கம்பெனி சேர்த்துக்கொள்ளவில்லை. கட்டுப் பிரித்தபிறகு ஒரு விரல் மடங்கவில்லை. இப்போது ஓர் அச்சகத்தில் தாள் அடுக்குகிறார். அந்த வேலை பிடிக்கவில்லை என்றும், விட மாட்டேன் என்றும் சொல்கிறார்.

எனக்கு வேலை போகவில்லை. பேராசிரியர் நீண்ட நேரம் பேசினார், நானும் பேசினேன். கம்பெனி இல்லாமலே, வீடுகளில் பார்த்ததை வைத்து ஆய்வை எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் அவர்கள் எண்களாக இருக்கிறார்கள். விதி அது, மாற்ற எனக்கு அதிகாரமில்லை.

இது ஆய்வுக் கட்டுரை இல்லை. பயணக் கட்டுரைக்கு அந்த விதி கிடையாது. கம்பெனி கேட் வாசலில் முதலில் வந்து நின்றவர்கள் முத்துமாரி, பொன்னுத்தாய், காளீஸ்வரி, அய்யம்மாள், இருளாயி. ஆறாவதாக, வேலை இல்லாமலே வந்து நின்றவர் செல்வராணி.